துவைக்கிற கல்லுக்குக் கீழே

ஜனவரி 5

சசி வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியில் புது வருடத்துக்கு டைரி கொடுத்தார்களாம். "வீட்டுக் கணக்கு எழுதிக்கோ. பி.காம் படிச்சது வீணாப் போக வேணாம்" என்று என் கையில் திணித்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் கிளம்பிவிட்டான். நேரில் 'என்னங்க'தான். இங்கே சசி என்று எழுதிக்கொள்கிறேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

கணக்கு எழுத ஒன்றுமில்லை. பயங்களை எழுதலாம். அதற்கு இந்த டைரி போதுமா தெரியவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறான். காலையில் வந்து மாலையில் போய்விடுகிறான். ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று கேட்டால், "திங்கக்கிழமை ஷிப்ட்" என்கிறான். எல்லோருடைய ஞாயிற்றுக்குப் பிறகும் திங்கள்தான் வருகிறது.

மகி தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

ஜனவரி 9

கொடியில் போட்ட துணியெல்லாம் உறைபனியில் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மகியின் இடுப்புத் துணியை மடிக்கப் போனால் முறிந்துவிடும் போலிருந்தது. அம்மா போனில், "டயப்பர் போடேன், எதுக்கு இப்படித் துவைச்சுச் சாகற?" என்கிறாள். அத்தைக்கு டயப்பர் பிடிக்காது. மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கடுக்காக வைத்திருக்கிறார். "அவரு பேத்திய தூக்கல. வேட்டியாவது தூக்கட்டும்" என்று ஒருநாள் சொன்னார். அதன்பிறகு நான் டயப்பர் பேச்சு எடுப்பதில்லை.

சரிவில் எங்களுடையதுதான் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் துவைக்கிற கல், கொடிக் கம்பி, அதற்கப்புறம் தேயிலை. தேயிலை என்பது பேச்சுக்குத்தான். கல்யாணத்துக்கு முன் நான் பார்த்த தேயிலையெல்லாம் இடுப்பு உயரத்தில், பச்சை ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கும். இங்கே இருப்பது என் தலைக்கு மேலே நிற்கிறது. கவ்வாத்து செய்யாமல், அதாவது வெட்டிக் குட்டையாக்காமல் விட்டால், தேயிலை மரமாகிவிடும் என்பது மேட்டுப்பாளையத்துக்காரியான எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. அதற்குப் பிறவியிலேயே மரமாகத்தான் ஆசை. மனிதர்கள்தான் விடாமல் வெட்டிச் செடியாக வைத்திருந்திருக்கிறார்கள்.

காலையில் அத்தை சொல்லும்வரை பின்கதவைத் திறக்கக்கூடாது. அது இந்த வீட்டுச் சட்டம். அவர் மட்டும் முன்வாசல் வழியாக வெளியே போய், அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். பிறகுதான், "ம், திற" என்று குரல் கொடுப்பார்.

"ஏதாவது வேண்டுதலா அத்த?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

ஜனவரி 18

பறித்த தேயிலையை வாங்குகிற இலை செட்டில் எடை போடும் ரஞ்சிதம் அக்கா மகியைப் பார்க்க வந்தாள். இந்தச் சரிவில் வாய் ஓயாமல் பேசும் ஒரே ஆள். அவள் வந்தால் மகிக்கும் வாய் வந்துவிடுகிறது.

நிலத்தின் கதையை அவள்தான் சொன்னாள். சிலோனிலிருந்து வந்த மாமாவின் அப்பா, மூன்று மகன்களுக்கும் சரிவை மூன்று துண்டாகப் பிரித்துக் கொடுத்தாராம். கீழ்த் துண்டு பெரியவருக்கு, நடுத் துண்டு இரண்டாமவருக்கு, வீட்டை ஒட்டிய மேல் துண்டு கடைசி மகனான மாமாவுக்கு.

"பெரியவரு பசங்க திருப்பூர் போனாங்க. கொழுந்து கிள்ள ஆள் தேடித் தேடி அவருக்கு அலுத்துப்போச்சு. ஒரு வருசம் பார்ப்போம்னு விட்டாரு. அப்புறம் ரெண்டாமவரு. அவரும் பார்ப்போம்னுதான் விட்டாரு. யாரும் 'இனிமே வேணாம்'னு விடல பாத்துக்கோ. எல்லாரும் பார்ப்போம்னுதான்."

"அப்ப நம்ம துண்டு?"

"கீழ காடா நின்னா மேல எவ வந்து கொழுந்து கிள்ளுவா? உண்ணிச்செடிப் புதருக்குள்ள என்ன படுத்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? உங்க மாமா மட்டும்தான் ஒத்தையா மல்லுக்கட்டுனாரு. அன்னிக்கு மட்டும் அவரு கீழ எறங்காம..."

அடுப்படியிலிருந்து அத்தை, "ரஞ்சிதம், டீக்கு சக்கர போட்டேனான்னு மறந்துபோச்சு, குடிச்சுப் பார்த்துச் சொல்லு" என்றார்.

அக்கா குடித்தாள். சர்க்கரை இருந்தது. பிறகு அவள் செட்டில் நடக்கும் சண்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மாமா நெஞ்சடைப்பில் போனவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே. கூடத்துப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். சசியின் காதுகள் அவரிடமிருந்து வந்தவை.

ஜனவரி 25

மகிக்குச் சளி. வேறொன்றும் எழுத முடியாது.

பிப்ரவரி 3



அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் மகிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு பின்ஜன்னல் பக்கம் நின்றேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் யாரோ கறுப்புப் போர்வையைக் காயப் போட்டிருப்பது போல் இருந்தது. போர்வை தலையைத் தூக்கியது.

காட்டெருமை. பட்டப்பகலில். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால். கல்லுக்குக் கீழே மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு கன்று. அந்தக் கல்லில்தான் நான் தினமும் உட்கார்ந்து துவைக்கிறேன். மகி அங்கேதான் தண்ணீரில் கைதட்டி விளையாடுகிறாள்.

மகி ஜன்னலைக் காட்டி, "ம்பா" என்றாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன். குழந்தையின் வாயைப் பொத்திய கை இது.

அத்தை வந்ததும் சொன்னேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: "தனியாவா, கன்னோடயா?"

"கன்னுக்குட்டியோட."

அவர் முகம் ஒருமாதிரி ஆனது. "நாளையிலருந்து துணிய முன்வாசல்ல தொவைக்கலாம்" என்றார். பிறகு அரிசியை டப்பாவில் கொட்டினார். பாதி வெளியே சிந்தியது.

பிப்ரவரி 4

சசிக்குப் போன் செய்தேன். மாடு வந்ததைச் சொன்னேன். "கிளம்பி இங்க வந்துடு. வீடு பாக்கறேன்" என்றான். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாடு கேட்டதும் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 20

பீளமேட்டில் ஒரு மாடிவீடு கிடைத்திருக்கிறது. மே முதல் தேதி குடிபோகலாம். ஒரு ரூம், ஒரு கிச்சன், கம்பி போட்ட பால்கனி. கம்பி போட்டது என்பதை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னேன். "நல்லது. போங்க. புள்ளைக்கு நாலு பேரப் பார்த்தாத்தான் பேச்சு வரும்" என்றார்.

"நீங்களும்தானே அத்த?"

"நான் எங்க வர்றது? நானும் வந்துட்டா ஒரே மழையில உண்ணிச்செடி தின்னாம விடாது, அடுப்படிக்குள்ள வந்துடும்." சிரித்தபடிதான் சொன்னார். மகியின் வாயில் சோற்றை வைத்தவர், அவள் மென்று முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

மார்ச் 2

சசி வந்தான். கூடத்தில் எப்போதும் போல் பின்ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மகி அவனுக்கு எதிரே நின்று தட்டில் கரண்டியால் தட்டித் தட்டி, "போ, போ" என்று அத்தை மாதிரியே விரட்டினாள். அத்தையும் நானும் சிரித்து அடங்கவில்லை. "பாத்தியா, எம்மவளே என்னை காட்டுமாடுன்னு நெனைக்கறா" என்று அவனும் சிரித்தான். ஆனால் அந்தத் தட்டை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டான்.

நாலு மணி பஸ்.

மார்ச் 11

முன்வாசலில் துவைத்தாலும் அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? முன்வாசலில் ஊற்றினால் பாதையில் ஓடும். அதனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே, துவைக்கிற கல்லுக்குக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வருகிறேன். மூத்திரத் துணியின் முதல் அலசலை அப்படியே ஊற்றிவிடுவேன். சோப்பு போட்டது தனி.

இன்று ரஞ்சிதம் அக்கா வந்திருந்தபோது ஜன்னல் வழியாக இருவரும் பார்த்தோம். தாயும் கன்றும். இவ்வளவு பெரிய சரிவில், எத்தனையோ புல் இருக்க, சரியாக நான் வாளியைக் கவிழ்த்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தன. சோப்புத் தண்ணீர் ஓடிய பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அடிப்பாவி" என்றாள். "உப்பு! உம்மவ மூத்திர உப்பு! காட்டுல கெடைக்காத சாமானை நீ வாளி வாளியா ஊத்தி விருந்து வச்சுருக்க!"

ஒரு வருடத்துக்கும் மேலாக நான்தான் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தினமும், சலிக்காமல், பயந்து பயந்து.

"எம்மவ மூத்திரத்துக்கு இவ்ளோ கிராக்கியா" என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்தது நினைவில்லை. அத்தை சிரிக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, அந்தத் தாய்மாட்டைத்தான் பார்த்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 12

இனி அழுக்குத் தண்ணீர் ரோட்டோரச் சாக்கடைக்கு. ஏற்றத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க மூச்சு வாங்குகிறது.

மார்ச் 23

மாடு வரவில்லை. பத்து நாளாகிறது. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 29

காற்று. கொடியில் கிடந்த ஒரு துணி பிய்த்துக்கொண்டு சரிவில் பறந்தது. மகி தூங்கினாள், அத்தை அவள் பக்கத்தில் இருந்தார். ஒரு வேட்டித் துண்டுதானே என்று விடலாம். மாமாவின் வேட்டி என்பதால் விட முடியவில்லை. மாடு வருவதில்லை என்ற தைரியம் வேறு. முதல்முறையாகக் கீழே இறங்கினேன்.

மேல் துண்டில் தேயிலை மரங்களுக்கு அடியில் இன்னும் வரிசை தெரிகிறது. கொழுந்து எடுக்க நடந்த பாதைகள் சருகு மூடிக் கிடந்தாலும் கால் வைத்தால் தானாக அதில்தான் போகிறது. மேலே வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள். தேயிலைக்குப் பூ உண்டென்றே எனக்குத் தெரியாது. கொழுந்தாகவே கிள்ளிக்கொண்டிருந்தால் எப்படிப் பூக்கும்.

நடுத் துண்டு தொடங்கும் இடத்தில் வரிசை தொலைந்துவிடுகிறது. உண்ணிச்செடி தேயிலை மேல் ஏறிப் படுத்து, ஒன்றோடொன்று பின்னி, பெரணி அதன் கீழே முளைத்து, எது யாருடைய கிளை என்று தெரியவில்லை. கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று எச்சமிட்டுக்கொண்டே இருந்தன. அடுத்த வருடத்துக்கு விதைக்கின்றன. குனிந்து பார்த்தால் அதற்கும் கீழே, பெரியவர் விட்ட துண்டில், உண்ணிச்செடிகூட இல்லை. அதையும் மூடி நிஜமான மரங்கள் வந்துவிட்டன. அங்கே நிழல் கறுப்பாக, அமைதியாக இருந்தது. ஈரத்தில் குளம்புத் தடம் பளபளத்தது. மூன்று அண்ணன் தம்பிகள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிட்டது அப்படியே மாடிப்படி மாதிரி இறங்குகிறது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நம்முடையது இன்னும் சில வருடங்களில் எப்படி ஆகும் என்பது கீழே எழுதி வைத்திருக்கிறது.

துணி ஒரு தேயிலையில் மாட்டியிருந்தது. எடுக்கப் போனபோது கையில் இரும்பு தட்டியது. ஒரு கவ்வாத்துக் கத்தி. கிளை பிரியும் கவட்டையில் யாரோ மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிளை பருத்து, கத்தியின் பாதியை விழுங்கிவிட்டது. பிடியில் பாசி. இழுத்தேன், அசையவில்லை.

வெட்ட வந்த செடி பாதி வெட்டுப்பட்டு நின்றது. ஒரு பக்கம் வெட்டிய தழும்பு, மறுபக்கம் வெட்டாத கிளைகள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் கத்தியைச் செடியில் மாட்டிவிட்டுப் போக மாட்டார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள்தான் மாட்டுவார்கள். அல்லது ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்கள்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 30

சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"நடுத் துண்டு ஓரத்துல ஒரு செடியில கத்தி மாட்டியிருக்கு அத்த. மரம் அதைப் பிடிச்சுக்கிச்சு."

அத்தையின் கையிலிருந்த தோல் அப்படியே நின்றது. "மரப்பிடி போட்டதா?"

"ம்."

"எவ்வளவோ தேடினோம்" என்றார்.

பிறகு, பட்டாணியை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க மாமா நெஞ்சு வலியில சாகல, கலா. கீழயிருந்து மாடு ஏறி வருதுன்னு கொழுந்துக்காரிங்க வர மாட்டேன்னுட்டாங்க. அண்ணன் துண்டுல ஓரமா ஒரு பத்தடி வெட்டிவிட்டா பயம் போயிரும், பொம்பளைங்க வந்துருவாங்கன்னு போனாரு. அன்னிக்குக் கன்னுக்குட்டி நடுவுல படுத்துருந்துருக்கு. அவருக்குத் தெரியல. உண்ணிச்செடி அந்த ஒசரம். தெரிஞ்சிருந்தா இவரும் போயிருக்க மாட்டாரு. இவரு யாருன்னு தெரிஞ்சிருந்தா தாய்மாடும் முட்டியிருக்காது."

"யார் பாத்தா?"

"சசிதான் டீ எடுத்துட்டுப் போனான்."

மகி பட்டாணி ஒன்றை என் வாயில் வைத்தாள். மென்றேன்.

"உங்க வீட்டுல சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு சொல்லல. அப்புறம் நீ வந்த. ஒவ்வொண்ணுக்கும் பயப்படற புள்ள. எப்படிச் சொல்றதுன்னு சொல்லல. அப்புறம் இவ பொறந்தா. சொன்னா போயிருவியேன்னு சொல்லல." கிண்ணத்தைக் கையால் தடவி ஒரு பட்டாணியை எடுத்தார். "இப்ப எப்படியும் போறதானே."

மார்ச் 31

துணி துவைத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 1

துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 2

தட்டும் கரண்டியும். இரண்டு வருடமாகத் தினமும் காலையில், உறைபனியிலும், நான் படுக்கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு கிடக்கும்போது, அவர் தனியாக வீட்டைச் சுற்றி வந்திருக்கிறார். வேண்டுதலா என்று கேட்டிருக்கிறேன்.

இன்று காலை நானும் எழுந்து முன்வாசலுக்குப் போனேன். "நீ எதுக்கு?" என்றார்.  கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன், தட்டை அவர் பிடித்துக்கொண்டார். ஒருவர் கையில் தட்டு, இன்னொருவர் கையில் கரண்டி என்றால் தாளம் சரியாக வரவில்லை. "கல்யாண வீட்டு பேண்டு மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

ஏப்ரல் 3

சசி போனில்.

"அம்மா சொல்லிட்டாங்களா."

"ம்."

"முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருப்பியா?"

"தெரியல."

 பிறகு, "அந்த இடத்தப் பாத்துட்டு என்னால அங்க தூங்க முடியாது கலா" என்றான். ஷிப்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நான் இத்தனை நாள் தூங்கியிருக்கேனே" என்றேன்.

அதைக் கோபமாகச் சொன்னதாக நினைத்திருப்பான். கோபம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. இவ்வளவு நாள் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன். சளி, பாம்பு, மின்னல், மகியின் மூச்சு. இப்போது பயத்துக்கு நாலு வெள்ளைக் கால்கள் இருக்கின்றன. ஒரு கன்று இருக்கிறது. எங்கிருந்து வரும், எதற்கு வரும் என்று தெரியும்.

ஏப்ரல் 8

பீளமேட்டு வீட்டைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். கம்பி போட்ட பால்கனியில் நான் நின்றுகொண்டிருப்பேன். மகி பத்திரமாக இருப்பாள். இங்கே அத்தை தட்டும் கரண்டியுமாக, இரண்டு கையும் தன்னுடையதாக, சுற்றி வந்துகொண்டிருப்பார். ஒருநாள் கொஞ்சம் தாமதமாக எழுவார். பிறகு ஒருநாள் எழ மாட்டார். பின்வாசலில் பெரணி வரும்.

யாரும் 'இனிமே வேணாம்' என்று விடுவதில்லை என்று ரஞ்சிதம் அக்கா சொன்னாள்.

சசிக்குப் போன் செய்து, "மேல் துண்ட மட்டும் கவ்வாத்து பண்ணணும். உங்களுக்குத்தான் தெரியும். லீவு போட்டுட்டு வாங்க. வந்தா மே மாசத்தப் பத்திப் பேசலாம்" என்றேன்.

"அது முழுக்க மரம் கலா. கொழுந்து வந்தாலும் எடுக்க யாரு இருக்கா?"

"கொழுந்துக்கு இல்ல. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியற மாதிரி கொஞ்சம் இடம் வேணும். நாம இருக்கறது அதுக்குத் தெரியணும். அது இருக்கறது நமக்குத் தெரியணும். உங்கப்பாவுக்கு அதானே இல்லாமப் போச்சு."

வைத்துவிட்டான்.

ஏப்ரல் 19

வந்தான். சனிக்கிழமை. கையில் புது ரம்பம், தோளில் பை. பையில் போர்வை இருந்தது. அத்தை போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் நிறைய வெங்காயம் நறுக்கினார்.

ஏப்ரல் 20

விடிந்ததும் அத்தை தட்டோடு சுற்றி வந்து, "ம்" என்றார். சசி பின்கதவில் கொஞ்ச நேரம் நின்றான். மகி அவன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, "போ" என்றாள். போனான்.

ஒவ்வொரு மரமாக முழங்கால் உயரத்துக்கு அறுத்தோம். கத்திக்கு மசியாத தடிமன். அவன் அறுக்க, நான் கிளையை இழுத்துப் போட, ரஞ்சிதம் அக்கா சுள்ளியைக் கட்டினாள். "பி.காம் அம்மா, கையில கொப்புளம் வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பியா?" என்று கேலி வேறு. அத்தை மகியை மடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்து, "இன்னும் கீழ... அங்கதான்... அய்யோ, அவரா இருந்தா இந்நேரம் உன்னத் திட்டியிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 24

இன்று ஓரத்துக்கு வந்துவிட்டோம். சசி கத்தியைப் பார்த்துவிட்டான். ரம்பத்தைக் கீழே வைத்தான். பிடியில் இருந்த பாசியைக் கட்டைவிரலால் தேய்த்தான். அதில் வெட்டுக்குறி மாதிரி ஏதோ ஒரு அடையாளம் இருந்தது. மாமா எல்லாப் பொருளிலும் போடுவாராம். அப்படியே அந்தச் செடிக்குக் கீழே உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து அத்தை வரும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் இத்தனை வருடமாகக் கால் வைக்காதவர், சருகுக்கடியில் இருந்த பழைய பாதையில் தடுமாறாமல் இறங்கி வந்தார்.

"இத அறுத்து எடுத்துறவாம்மா?"

அத்தை கத்தியைத் தொட்டுப் பார்த்தார். "வேணாம். அத மட்டும் விடு. இது வரைக்கும் நம்மது. இதுக்குக் கீழ அதுங்களது. அண்ணந்தம்பிங்க மூணு பேரும் சண்டை போடாமப் பிரிச்சு வாங்கிக்கிட்ட நிலம். அப்படியே பிரிச்சுக்குவோம்."

இன்று ராத்திரியும் சசி இங்கேதான் தூங்குகிறான். குறட்டை. மகியின் மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 27

பீளமேட்டு வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வாரா வாரம் சனிக்கிழமை வந்து திங்கள் காலை முதல் பஸ்ஸில் போவான். மகி பள்ளிக்கூடம் போகும் வயதில் மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. 'பார்ப்போம்' என்று நான் சொல்லவில்லை. கவனமாக இருந்தேன்.

மே 13

மேல் துண்டு மொட்டையாக, சுடுகாடு மாதிரி இருக்கிறது. கொன்றுவிட்டோமோ என்று அத்தையிடம் கேட்டேன். "பொறு" என்றார். நேற்றும் கேட்டேன். நேற்றும் அதே பதில்.

மே 30

பெரிய ஆள் ஒன்று எல்லையில் வந்து நின்றது. தாய். கன்று இப்போது அதன் வயிற்று உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. வெட்டவெளியை வெகுநேரம் பார்த்தது. நாங்களும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. தலையைத் தாழ்த்தித் துவைக்கிற கல் இருக்கும் பக்கம் மோப்பம் பிடித்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

அத்தை இன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 2

காலையில் நான் வாளியோடு ரோட்டுப் பக்கம் கிளம்பினேன். "அங்க எதுக்குத் தூக்கிட்டு அல்லாடற?" என்று அத்தை வாளியை வாங்கிக்கொண்டார். அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தட்டைத் தட்டிக்கொண்டே மொட்டைக் கட்டைகளுக்கு நடுவே இறங்கினார். கத்திச் செடிக்கு அந்தப் பக்கம் மண்ணில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டியிருந்தது. எப்போது தோண்டினார் என்று தெரியாது. மகியின் மூத்திரத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு ஏறி வந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், "அங்கேயே கெடைச்சா இங்க எதுக்கு வரப்போகுது" என்றார். படியேறி உள்ளே போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "அவளும் பிள்ளைக்காரிதானே."

ஜூன் 21

கட்டையிலிருந்து சிவப்பாக ஒரு துளிர். பிறகு பார்த்தால் எல்லாக் கட்டையிலும்.

ஆகஸ்ட் 17

மகிக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது வாக்கியமாகவே பேசுகிறாள். ரஞ்சிதம் அக்காவின் சொற்களில் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவற்றை இங்கே எழுத முடியாது. மேல் துண்டு என் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் சசியும் நானும் கிள்ளும் கொழுந்து ஒரு கூடைகூடத் தேறாது. செட்டில் அக்கா எடைக்கல்லை வைக்காமலே சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 28

நேற்று மகி முதல்முறையாக, "அம்மா, ஒண்ணுக்கு" என்று தானாக வந்து சொன்னாள். துணி ஒன்றுகூட நனையவில்லை. சசிக்குப் போன் செய்து பெரிய விஷயம் போலச் சொன்னேன். பெரிய விஷயம்தான். வேட்டித் துண்டுகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

இன்று காலையில் வாளி காலியாக இருந்தது. அத்தை அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய், ஜாடியிலிருந்து கல் உப்பு ஒரு பிடி எடுத்து வந்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்.

"எதுக்கு அத்த?"

"பழகிடுச்சுல்ல, பாவம்" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டேன். மகி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.